சூரியச் சுடுநீர்த் தொகுதிக்கு ஆண்டுப் பராமரிப்புத் திட்டம் எடுப்பதா, வேண்டாமா?

நானுஓயாப் பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியா நகரிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கும் பாதையோரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் என் தாயாரும் குடியிருக்கிறோம். மேல்தளத்து மூன்று அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். கூரையில் 300 லீற்றர் கொள்ளும் சூரியச் சுடுநீர்த் தொகுதி ஒன்று உண்டு. வெயில் இல்லாத நாள்களுக்கென்று அதன் தாங்கிக்குள்ளேயே 3 கிலோவாற்று மின் கொயில் பொருத்தியிருக்கிறார்கள். தாயாரின் குளியலறையில் மட்டும் தனியாக ஒரு சிறிய மின் கீசர் இருக்கிறது.

சூரியத் தொகுதிக்கு விற்பனையாளர் தந்த 5 ஆண்டு உத்தரவாதம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. இப்போது அதே நிறுவனத்தார் ஆண்டுக்கு 26,000 ரூபாய்க்கு ஒரு 'முழுப் பாதுகாப்புத் திட்டம்' எடுக்கச் சொல்கிறார்கள். ஆண்டில் ஒருமுறை சேவை செய்வார்கள், பழுதென்று அழைத்தால் வருகைக் கட்டணம் வாங்காமல் வருவார்கள், கொயில், தெர்மோஸ்டாட், அழுத்த வால்வு ஆகியவற்றை இலவசமாக மாற்றித் தருவார்கள். தாங்கியும் கூரையில் உள்ள வெப்பப் பலகைகளும் திட்டத்தில் சேரா. அத்துடன் இயற்கை அனர்த்தம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, நீரின் தன்மை ஆகியவற்றால் உண்டாகும் சேதங்களுக்கும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கி கட்டாயப்படுத்தியதால் வீட்டுக் காப்புறுதி ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. அதற்குள் வீட்டு உபகரணங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முகவர் சொல்கிறார். ஆனால் எது சேரும், எது சேராது என்பதைத் தெளிவாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

விருந்தினர் இருக்கும் நேரத்தில் சுடுதண்ணீர் நின்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, திட்டத்தை எடுத்துவிடலாம் என்கிறார் மனைவி. அந்தப் பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டு வைத்து, பழுது வரும்போது செலவழிக்கலாம் என்பது என் எண்ணம். இத்தகைய தொகுதியை வைத்திருப்பவர்களும் தொழில் தெரிந்தவர்களும் உங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அட்டன் மின் பாஸ் எழுதியது:

ஐயா, முதலில் ஒரு கேள்வி. உங்கள் கூரையில் இருப்பது குளிக்கும் தண்ணீரே நேரடியாகப் பலகைக்குள் ஓடும் வகையா, அல்லது உறையாத திரவம் ஒன்று பலகைக்குள் சுற்றி வந்து தாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் வகையா? நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகை இருக்கும்போதே, தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பலகை தன் வெப்பத்தை இழந்து உறைநிலைக்குக் கீழே போய்விடும். உள்ளே தண்ணீர் இருந்தால் செப்புக் குழாய் வெடிக்கும். நிறுவனம் அதை இயற்கை அனர்த்தம் என்று எழுதிவிடும், எப்படியும் பலகை திட்டத்தில் சேரவில்லை. ஆகவே உங்கள் இடத்துக்கே உரிய பெரிய ஆபத்து முதலிலேயே வெளியே நிற்கிறது.

அடுத்து, அவர்கள் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் மூன்று பாகங்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலும் அநுராதபுரத்திலும் தண்ணீர் கடினமானது. அங்கே கொயிலின் மேல் சுண்ணாம்பு தடித்துப் படிந்து அது எரிந்து போவது சாதாரணம். நம் மலைத் தண்ணீர் மென்னீர், அதில் படிவதற்கு அவ்வளவு சுண்ணாம்பு கிடையாது. அதனால் கொயில் நம் ஊரில் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இதே மென்னீர், சற்று அமிலத்தன்மையும் சேர்ந்திருந்தால், உலோகத்தை மெல்ல மெல்ல அரிக்கும். அந்த அரிப்பு தாங்கியின் சுவரைத் தாக்காதபடி அதைத் தன் மேல் வாங்கிக்கொள்வதற்காகத்தான் தாங்கிக்குள் மக்னீசியத்தாலான அனோட் கோல் ஒன்றை வைக்கிறார்கள். கோல் முழுவதும் கரைந்தபின் அரிப்பு தாங்கியின் சுவரில் தொடங்கும். ஐந்து ஆண்டு ஆன தொகுதியில் அதை ஒருமுறையேனும் யாராவது கழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோல் இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டுந்தான் மிஞ்சியிருந்தது. தாங்கி ஓட்டையானால் தொகுதியின் பாதி விலை போய்விடும், அந்தத் தாங்கியும் திட்டத்தில் இல்லை. நம் தண்ணீரில் நீடித்து உழைக்கும் பாகங்களுக்குப் பொறுப்பேற்று, அதே தண்ணீர் அரித்துத் தின்னும் பாகத்தை விட்டுவிட்டிருக்கிறார்கள் என்பதே என் வாசிப்பு.

ஆகவே அந்த 'ஆண்டுச் சேவை' என்பதில் என்னென்ன வேலை அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அனோட்டைக் கழற்றிப் பார்த்து மாற்றுவது, அழுத்த வால்வைத் திறந்து மூடிச் சோதிப்பது, சுற்றும் திரவம் இருந்தால் அதன் தரத்தைப் பார்ப்பது, தாங்கியைச் சுற்றிய வெப்பக் காப்புறை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை இருந்தால் சேவைக்கு மதிப்புண்டு. பலகைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கையொப்பம் வாங்கிப் போவதற்கு 26,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. கொயில், தெர்மோஸ்டாட், வால்வு மூன்றின் இன்றைய விலையையும் அட்டனிலோ கண்டியிலோ ஒரு கடையில் கேட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே ஆண்டில் பழுதாவது அபூர்வம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். உங்கள் ஊரில் ஏறக்குறைய 15 பாகையில் வரும் தண்ணீரை 55 பாகைக்குக் கொண்டுபோக, 300 லீற்றருக்கு ஏறத்தாழ 14 மின் அலகு வேண்டும்; 3 கிலோவாற்றுக் கொயில் அதற்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்யும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நுவரெலியாவும் தலவாக்கலையும் மேகத்துக்குள் கிடக்கும்போது ஒவ்வொரு நாளும் இந்தச் செலவு உண்டு. எந்தத் திட்டமும் அதைக் கொடுக்காது. நல்ல வெயில் மாதத்திலும் மின்கட்டணம் அப்படியே இருந்தால், தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது அல்லது வால்வு வழியாகச் சுடுதண்ணீர் கசிந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தாயார் பயன்படுத்தும் கீசருக்குச் சரியான எர்த் இருக்கிறதா, மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் வீட்டின் டிரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கானதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா என்பதை இந்த வாரத்திலேயே பாருங்கள். திட்டம் எடுப்பதும் எடுக்காததும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

ஊவாச் சரிவு எழுதியது:

காப்புறுதித் துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது பண்டாரவளையில் இருக்கிறேன். மின் பாஸ் தம்பி தொகுதியைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. பத்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களிடம் நீட்டப்பட்டிருப்பது காப்புறுதி அன்று. நம் நாட்டில் காப்புறுதித் தொழிலை நடத்துவதற்கு 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். பதிவுபெற்ற கம்பனிகளை இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு மேற்பார்வை செய்கிறது. பொருள் விற்கும் நிறுவனமொன்று தருவது முற்பணம் வாங்கிய பராமரிப்பு ஒப்பந்தம் மட்டுமே. பிணக்கு வந்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போக முடியாது; நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். நிறுவனம் நாளை கதவை மூடினால் உங்கள் முற்பணத்துக்குப் பின்னால் எந்த இருப்பும் கிடையாது. ஒப்பந்தம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. காப்புறுதி எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறேன்.

அதில் 'உதிரிப்பாகம் கையிருப்பில் இருக்கும் பட்சத்தில்' என்பது போன்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2022 இல் ரூபாய் விழுந்து இறக்குமதிகள் தடைப்பட்டபோது, பணம் கட்டி வைத்திருந்தவரும் கட்டாதவரும் ஒன்றாகவே காத்திருந்தார்கள். பாகம் கிடைக்காத காலத்துக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா, ஒப்பந்தத்தை நீட்டுவார்களா என்பதைக் கேட்டு எழுதி வாங்கலாம்.

இனி வங்கி எடுக்கச் சொன்ன வீட்டுக் காப்புறுதிக்கு வருவோம். உண்மையில் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய பத்திரம் அதுதான். இத்தகைய பத்திரங்களின் அடிப்படை தீயும் மின்னலும். வெள்ளம், புயல், மண்சரிவு, தண்ணீர்த் தாங்கியும் குழாயும் வெடித்துப் பெருகுதல் ஆகியவை பெரும்பாலும் மேலதிகத் தவணைப்பணம் கட்டிச் சேர்த்துக்கொள்பவை. குழாய் வெடிப்புச் சேர்க்கப்பட்டிருந்தாலும், அது கொடுப்பது பெருகிய தண்ணீரால் நனைந்த கூரைத்தட்டுக்கும் மெத்தைக்குமே. தேய்ந்துபோன வால்வுக்கு அது ஒரு சதமும் கொடுக்காது. தேய்மானமும் பராமரிப்பின்மையும் ஏறக்குறைய எல்லாப் பத்திரங்களிலும் விலக்கப்பட்டவை. முகவர் சொல்லும் உபகரணச் சேர்க்கை மின்னழுத்தப் பாய்ச்சலால் வரும் சேதத்தை ஏற்குமானால் அது பயனுள்ளதே, ஏனென்றால் பராமரிப்புத் திட்டம் விட்டுவிட்ட இடம் அது. நம் மலைகளில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி இறங்குவதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மண்சரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். காப்புறுதித் தொகை கடன் எடுத்த ஆண்டின் மதிப்பிலேயே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டை மீளக் கட்ட இன்று 2 கோடி ரூபாய் ஆகும், பத்திரத்தில் 1 கோடிதான் இருக்கிறது என்று வையுங்கள். 10 இலட்சம் ரூபாய் சேதம் வந்தால் கம்பனி 5 இலட்சந்தான் கொடுக்கும். பாதி மதிப்புக்குக் காப்புறுதி செய்தவர் மீதிப் பாதிக்குத் தாமே பொறுப்பு என்ற விகிதாசார விதி பத்திரத்திலேயே இருக்கும். 2022 க்குப் பிறகு சீமேந்தும் இரும்பும் என்ன விலைக்குப் போயின என்று எண்ணிப் பார்த்தால், நம் பகுதியில் எத்தனை வீடுகள் இந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுவதைக் கம்பனிக்கு அறிவித்திருக்கிறீர்களா? குடியிருப்பு என்று எழுதிய வீட்டில் தொழில் நடக்கிறது என்று பின்னர் தெரிந்தால், அந்தக் காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. அறிவிக்கும்போதே, வீட்டுக்கு வருபவர்களுக்குக் காயம் நேர்ந்து உங்களிடம் இழப்பீடு கேட்டால் கைகொடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியையும் கேளுங்கள். 60 பாகைத் தண்ணீர் ஐந்து விநாடி அளவில் ஒரு பெரியவரின் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் அதைவிடக் குறைந்த நேரம் போதும். கொயில் எரிந்தால் வரும் செலவை உங்கள் பையிலிருந்து கொடுக்க முடியும். விருந்தினரின் குழந்தை வெந்துபோய் வழக்கு வந்தால் அது உங்கள் பையை மீறியது. தவணைப்பணம் கட்டுவதாயின் அந்த இரண்டாவதற்கே கட்டுவேன்.

அப்புத்தளை விடுதிக்காரி எழுதியது:

பெரியவர் சொல்வது காப்புறுதிக் கணக்கில் சரியாக இருக்கலாம், ஆனால் விருந்தினரை வைத்துப் பிழைக்கும் நாங்கள் வேறு ஒன்றையும் கணக்குப் பார்க்கிறோம். அண்ணன் கொடுக்கப்போகும் 26,000 ரூபாய் பாகத்தின் விலை என்று எடுத்துக்கொண்டால் அது அதிகந்தான். சித்திரைச் சீசனில் அறைகள் நிறைந்திருக்கும்போது ஒரு ஆள் கருவிப்பையோடு படியேறி வருவதற்கான விலை என்று எடுத்துக்கொண்டால் கதை மாறும். அந்த நாள்களில் கைராசியான பாஸ்மார் தங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். இருப்பவர் நுவரெலியாவிலிருந்து எல்ல வரைக்கும் ஓடிக்கொண்டிருப்பார். சுடுதண்ணீர் இல்லை என்று ஒரு விருந்தினர் இணையத்தில் எழுதிவிட்டுப் போனால் அந்த வரி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஆகவே எங்களுக்கு இத்தகைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, நான் அதை விடப்போவதில்லை. ஆனால் அவர்கள் அச்சடித்துத் தந்த தாளில் அப்படியே கையொப்பமிடவில்லை. அழைத்து எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், அப்படி வராவிட்டால் நாங்கள் வெளியாளை வைத்துச் செய்த செலவை ஏற்க வேண்டும் என்று பேனாவால் எழுதி இருபுறமும் கையொப்பமிட்டோம். ஆண்டுச் சேவையைப் பங்குனி முடிவதற்குள் செய்ய வேண்டும் என்றும் சேர்த்தோம், ஏனென்றால் அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் அது ஆவணியில் நடக்கும். ஒப்பந்தத்தைத் தமிழில் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால், ஒவ்வொரு வரியையும் விளக்கிச் சொல்லும் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்.

பக்கத்து வீடுகளிலும் அதே நிறுவனத்தின் தொகுதி இருந்தால் சேர்ந்து போய்ப் பேசுங்கள். ஒரே பாதையில் மூன்று வீடு என்றால் அவர்களுக்கும் பயணச் செலவு குறையும், விலையைக் குறைத்துக் கேட்பதற்கு வாய் வரும்.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அவசரத்துக்கு வாயு கீசர் வாங்கி வைக்கிறார்கள். அதைப் பற்றி மின் பாஸ் தம்பி என்ன சொல்கிறார்?

அட்டன் மின் பாஸ் எழுதியது:

அக்கா, வாயு கீசரைக் குளியலறைக்குள் ஒருபோதும் பொருத்த வேண்டாம். மூடிய சிறு அறையில் அது எரியும்போது உருவாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிர் என்று நாம் சன்னலையும் அடைத்து வைக்கிறோம். வெளிச் சுவரில், காற்றோட்டமான இடத்தில், புகைக்குழாயோடு பொருத்தினால் மட்டும் பரவாயில்லை. 2021 இன் இறுதியிலிருந்து மறு ஆண்டு நடுப்பகுதி வரை எரிவாயுச் சிலிண்டருக்கு நின்ற வரிசைகளையும் மறந்துவிடாதீர்கள்.

சீசன் பற்றிய உங்கள் வாதத்தை ஏற்கிறேன். அதற்கு மலிவான வழி ஒன்றும் உண்டு. சரியான அளவுக் கொயில் ஒன்றும் தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்கி வீட்டு அலுமாரியில் வைத்திருங்கள். பாகம் கையில் இருந்தால் உள்ளூர் மின் பாஸ் எவரும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுவார். நாள் கணக்கில் இழுப்பது பெரும்பாலும் கொழும்பிலிருந்து பாகம் வர வேண்டியிருப்பதால்தான்.

சுடுதண்ணீரில் வெந்துபோவதைப் பற்றிப் பெரியவர் சொன்னதற்கும் வழியுண்டு. தாங்கியின் வெப்பநிலையைக் குறைத்து வைப்பது சரியான வழியன்று, ஏனென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா என்ற பக்டீரியா பெருகும். 60 பாகையில் வைத்திருப்பதே நல்லது. தாங்கியிலிருந்து அறைகளுக்குப் போகும் குழாயில் தன்னியக்கக் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்தி, குழாயில் வரும் சூட்டை மட்டும் குறையுங்கள். வெயில் நன்றாக இருக்கும் நாளில் சூரியத் தாங்கி 70 பாகைக்கு மேலும் ஏறும். தெர்மோஸ்டாட் கொயிலைத்தான் நிறுத்தும், சூரியனை நிறுத்தாது.

லிந்துலையிலிருந்து லெஸ்டருக்கு எழுதியது:

லிந்துலையில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் வாடகை வீடொன்றை நடத்திவருகிறேன். இங்கே பொயிலர் காப்புறுதி என்பது பெரிய வியாபாரம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அத்தனையும் இங்கேயும் பேசப்படுகிறது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே ஒரே பொயிலர் குளிக்கும் தண்ணீரையும் வீடு முழுவதற்குமான சூட்டையும் தருகிறது. அது நின்றால் மார்கழியில் வீட்டில் இருக்க முடியாது. அதனால் பயமும் பெரிது, அந்தப் பயத்தை விற்பவர்களும் அதிகம். இங்கும் இரு வகைத் தாள்கள் உண்டு. ஒன்று நிதி நடத்தை அதிகார சபையின் மேற்பார்வைக்கு உட்பட்ட காப்புறுதி. அதன் தவணைப்பணத்தின் மேல் 12 சதவீத வரியும் உண்டு, பிணக்கை நிதிக் குறைகேள் அதிகாரியிடம் கொண்டுபோகலாம். மற்றது ஊர்ப் பொயிலர்காரரின் பராமரிப்புத் திட்டம். அதற்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. பெரியவர் பிரித்துக் காட்டியது போலவே, விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

விலக்குகளும் உங்களுக்குப் பழக்கமானவையாக இருக்கும். எடுத்த முதல் சில வாரங்களில் வரும் பழுதை ஏற்க மாட்டார்கள். குழாய்களில் சேறும் சுண்ணாம்பும் படிந்ததால் வந்த பழுதை ஏற்க மாட்டார்கள். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய பொயிலருக்குப் பாகம் கிடைக்கவில்லை என்று சொல்லி, புதியது வாங்குவதற்கு ஒரு சிறு தொகை தருவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆண்டுச் சேவை செய்யாவிட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதமும் போய்விடும்.

அப்புத்தளை அக்கா சொன்ன இடத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். 2010 டிசம்பர் கடுங்குளிரில், பொயிலரிலிருந்து கழிவுநீர் வெளியே போகும் மெல்லிய பிளாஸ்திக் குழாய்கள் நாடெங்கும் உறைந்து பொயிலர்கள் நின்றன. எல்லோருக்கும் ஒரே இரவில் ஒரே பழுது. முன்னுரிமை வாங்கி வைத்திருந்த எல்லோரும் ஒன்றாக அழைத்தால் முன்னுரிமை என்று ஒன்று இருப்பதில்லை. அன்று பலர் வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயின் மேல் ஊற்றித் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். உங்கள் சித்திரைச் சீசனும் அப்படித்தான். அந்த நிறுவனத்திடம் எத்தனை ஒப்பந்தங்கள் இருக்கின்றன, மலைநாட்டில் எத்தனை ஆள்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நான் வீட்டை வாடகைக்கு விடுவதால், 1998 ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு பொயிலரைச் சோதித்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் இருப்பதால் சோதனையும் பழுது பார்ப்பதும் சேர்ந்த திட்டம் எனக்கு இலாபமாக முடிகிறது. உங்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லாததால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நானுஓயாப் பாதை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் நிறுவனத்தாரையும் காப்புறுதி முகவரையும் சந்தித்தேன்.

எங்கள் தொகுதி உறையாத திரவம் சுற்றும் வகைதான். அந்தத் திரவத்தை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. ஆண்டுச் சேவையில் அனோட் மாற்றுவது சேரவில்லை, அதற்குத் தனிக் கட்டணம். அழைத்து 48 மணி நேரத்துக்குள் வருவதாகச் சொன்னார்கள். அதை எழுதித் தரச் சொன்னதும், போயா தினங்களும் பொது விடுமுறைகளும் அந்த 48 மணி நேரத்தில் கணக்கிடப்படமாட்டா என்று சேர்த்தார்கள். சித்திரைப் புத்தாண்டும் அதையொட்டிய விடுமுறைகளுந்தான் எங்கள் வீடு நிறைந்திருக்கும் நாள்கள் என்று சொன்னதற்கு, அவர்களுடைய ஊழியர்களுக்கும் குடும்பம் இருக்கிறது என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயத்துக்கு நான் பணம் கட்ட வேண்டியதில்லை. அப்புத்தளை அக்கா பேனாவால் எழுதி வாங்கியது போன்ற வரியை ஏற்க அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே திட்டத்தை எடுக்கவில்லை. திரவத்தையும் வால்வையும் சோதித்து அனோட்டை மாற்றும் ஒருமுறைச் சேவைக்கு மட்டும் தனி விலை கேட்டிருக்கிறேன். திட்டத்தின் ஆண்டுக் கட்டணத்தைவிட அது குறைவாகவே வரும் போலிருக்கிறது. மிஞ்சுவதில் கொயிலும் தெர்மோஸ்டாட்டும் கலப்பு வால்வும் வாங்குவோம். மனைவிக்கு இது முழுத் திருப்தி இல்லை. சீசனில் தொகுதி நின்றால் வாளியில் சுடுதண்ணீர் சுமந்து மாடியேறுவது நான்தான் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் மண்சரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் தொகை கடன் எடுத்த நாளில் போட்டதுதான். அறைகள் வாடகைக்கு விடப்படுவது அதில் எங்கும் இல்லை. இரண்டையும் திருத்தி, பொதுப் பொறுப்பையும் சேர்த்தால் தவணைப்பணம் எவ்வளவு ஏறும் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவேண்டும்.

ஊவாச் சரிவு எழுதியது:

முகவரின் பதில் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருக்கும். தொகையைக் கூட்டும் மாற்றத்தைக் கம்பனி ஏற்றதற்கான மேலொப்பத்தின் பிரதியை வங்கிக் கோவையிலும் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்மொழியாக 'செய்துவிட்டோம்' என்பதை ஏற்க வேண்டாம்.

அட்டன் மின் பாஸ் எழுதியது:

கொயில் வாங்கும் முன் தாங்கியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படமெடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். கிலோவாற்று அளவு ஒன்றாக இருந்தாலும் மரையின் விட்டமும் தட்டின் துளை எண்ணிக்கையும் மாறினால் பொருந்தாது. டிரிப் சுவிட்சைச் சோதித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லையே? சேவைக்கு வருபவர் பழைய அனோட்டைக் கழற்றியதும் அதை அவர் கொண்டுபோக விடாமல் வாங்கி வையுங்கள். ஐந்து ஆண்டில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்ததை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடலாம். படம் அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.